அம்மாவுக்கு அம்மாவுக்கு அம்மா

மகளின் பேறுகாலத்துக்காகக் கனடா போயிருந்தேன். மான்ட்ரியல் நகரத்தில் அவளுக்கு மாடி வீடு. தெருவிலிருந்து நேரே மாடிக்கு ஏறுகிற இரும்புப் படிக்கட்டு. அந்த ஊரின் பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு இப்படி வெளிப்படிக்கட்டுதான். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா. எழுபத்து நான்கு வயது, தனியாக இருக்கிறார். பேச்சு பிரெஞ்சு, ஆங்கிலமும் நன்றாக வரும். மகள் அவரை 'மதாம்' என்பாள். நானும் மதாம் என்றேன். அவரும் என்னை மதாம் என்றார். இரண்டு மாதமும் நாங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதில் எங்கள் இருவருக்குமே ஒரு நிம்மதி இருந்தது.

செப்டம்பர் கடைசியில் பேத்தி பிறந்தாள். பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டோம். அன்று மாலை மதாம் ஒரு சட்டி நிறையப் பட்டாணி சூப்போடு மேலே வந்தார். குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கள் அம்மா பெயர் என்ன, மதாம்?"

சொன்னேன்.

"அவருடைய அம்மா?"

அதையும் சொன்னேன்.

"அவருடைய அம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா வழியில் ஆறு தலைமுறை ஆண்களின் பெயரை என்னால் நிறுத்தாமல் சொல்ல முடியும். எங்கள் நிலத்தின் மூலப் பத்திரங்களை நானே படித்திருக்கிறேன். இன்னார் குமாரர் இன்னார், அவர் குமாரர் இன்னார் என்று வரிசையாகப் போகும். பெண் வருகிற இடத்தில் 'மேற்படியார் சம்சாரம்' என்றிருக்கும். அந்தச் சம்சாரத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், பிறந்த வீடு ஒன்று இருந்திருக்கும் என்பது அறுபத்து மூன்று வயது வரை எனக்குத் தோன்றியதில்லை.

மதாம் விரலை மடக்கி எண்ணினார். "எனக்கு ஒன்பது பேர் தெரியும். அம்மா, அம்மாவின் அம்மா என்று ஒன்பது. பிரான்சிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவள் யாரோ, அவளிடம் போய்ச் சேரவேண்டும். வெள்ளிக்கிழமை ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். வருகிறீர்களா?"

பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியச் சாப்பாடு போட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன்.

கியூபெக் மாநில ஆவணக் காப்பகத்தின் மான்ட்ரியல் கிளை வீஜே சாலையில் இருக்கிறது. 1910இல் வணிகக் கல்லூரிக்காகக் கட்டிய பெரிய கல் கட்டடம். உள்ளே நல்ல அமைதி. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மதாமின் வயதுக்காரர்கள். எதிரே திரை, கையில் பென்சில், பக்கத்தில் கோடு போட்ட நோட்டு. திரைகளில் ஓடிக்கொண்டிருந்தவை கோயில் ஏடுகள். கோயில் என்று நான் சொல்வது கத்தோலிக்கத் தேவாலயங்களை. கியூபெக்கில் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பங்குச் சாமியார்தான் எழுதிவைத்தார். ஒவ்வொரு பங்கிலும் இரண்டு பிரதி. ஒன்று கோயிலில் இருக்கும், மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போகும். ஒன்று எரிந்தாலும் மற்றொன்று மிஞ்சும். அப்போதெல்லாம் இந்த ஏடுகள்தான் அரசாங்கத்துக்கும் பதிவேடு. 1994 ஜனவரி முதல் தேதிதான் அரசு இந்த வேலையை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

இப்போது பெரும்பகுதி கணினியில் ஏறிவிட்டது. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய ஒரு குழு, பழைய பிரெஞ்சுக் குடியேற்றத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் பரம்பரை வந்து நிற்கும். மதாமுக்கு அது பிடிக்கவில்லை. கணவர் இறந்த குளிர்காலத்தில் இந்தத் தேடலைத் தொடங்கியவர். குளிர்காலத்துக்கு ஒருத்தி என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்யாணத்தையும் எழுதிய பக்கத்தையே கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தவளுக்குப் போவார்.

திரையில் ஒரு பக்கத்தை நிறுத்தி எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார். கறுத்த மை, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தாயிற்று, தடை சொல்பவர் யாருமில்லை. மாப்பிள்ளை இன்னார், இந்தப் பங்கைச் சேர்ந்தவர், இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன். பெண் இன்னார், இன்னாருக்கும் இன்னாருக்கும் மகள். சாட்சிகள் இன்னின்னார். கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னவர்கள் இன்னின்னார். கடைசியில் சாமியாரின் கையெழுத்து. அவ்வளவுதான், பத்துப் பன்னிரண்டு வரி.

அந்தப் பத்து வரிக்குள் ஆறு பெயர். கல்யாணம் செய்துகொள்ளும் இருவர், அவர்களைப் பெற்ற நால்வர். பெற்ற நால்வரில் இரண்டு பேர் பெண்கள், அவர்களும் பிறந்த வீட்டுப் பெயரோடு. இன்னாருடைய மனைவி என்று மட்டும் எழுதி முடித்துவிடவில்லை. பெண் கல்யாணமாகிப் போய், பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கும்போதும் சாமியார் அவளை அவள் அப்பா வீட்டுப் பெயரோடுதான் எழுதுகிறார். செத்துப் போனால் அடக்க ஏட்டிலும் அதே பெயர்.

பரம்பரை தேடுகிறவர்கள் ஞானஸ்நான ஏட்டை விட்டுக் கல்யாண ஏட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுவது இதனால்தான். ஒரே ஊரில் மரி என்று பத்துக் குழந்தை பிறந்திருக்கும். எந்த மரி நம் மரி என்று எப்படிச் சொல்வது? கல்யாண வரியில் பெற்றோர் இருவர் பெயரும் இருப்பதால் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பெற்றோரின் கல்யாணத்தைச் சுமார் இருபத்தைந்து வருஷம் பின்னால் போய்த் தேட வேண்டும். பெண்ணின் பங்கில் தேட வேண்டும். நம் பக்கம் பல குடும்பங்களில் போல அங்கேயும் கல்யாணம் பெண் ஊரில்தான். மாதமும் கை கொடுக்கும். தவக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த காலத்திலும் கல்யாணம் கிடையாது. நமக்கு ஆடியும் மார்கழியும் போல. அறுப்பு முடிந்த நவம்பரிலும், பொங்கலையொட்டி நமக்குத் தை பிறக்கிற ஜனவரியிலும், பிப்ரவரியிலும் ஏடு நிரம்பி வழிகிறது.

மதாம் சிக்கி நின்றது ஒன்பதாமவளிடம். அவள் பெயர் தெரியும். மகளின் கல்யாண வரியில் இருக்கிறது. அவளுடைய கல்யாணம்தான் அகப்படவில்லை. காரணம் கணவன். மகள் கல்யாணத்தில் அவன் பெயர் 'வாதெபொங்கேர்' என்றிருக்கிறது. 'மனசாரப் போகிறவன்' என்று பொருளாம். இந்தப் பெயரில் அந்த வட்டாரத்தில் எவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு குளிர்காலம் தேடியிருக்கிறார்.

அது பட்டாளத்துப் பெயர் என்றார். 1665இல் பிரான்சின் அரசர் பதினான்காம் லூயி ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு படைவீரர்களை இந்தக் குடியேற்றத்துக்கு அனுப்பினார். அவர்களில் சுமார் நானூறு பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் ஆளுக்கொரு பட்டப்பெயர். பூ, இளமை, கவலையில்லாதவன், மலையை வெட்டுபவன். எத்தனை அழகான பெயர்கள்! படை கலைந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த சிப்பாய்களும் இப்படியே. ஏட்டில் இரண்டு பெயருக்கும் நடுவே 'டி' என்று ஒரு சின்னச் சொல் வரும். அதன் பொருளை மதாம் ஆங்கிலத்தில் விளக்கத் தடுமாறினார். எனக்கோ உடனே புரிந்துவிட்டது. நம் பத்திரங்களில் 'சுப்பையா என்கிற பெரியதம்பி' என்று எழுதுகிறோமே, அந்த 'என்கிற'. ஒரு ஏட்டில் சாமியார் முதல் பெயரை எழுதுவார், இன்னொரு ஏட்டில் 'என்கிற'வுக்குப் பின்னால் வருவதை மட்டும் எழுதுவார். மகன்கள் இரண்டாகப் பிரிந்து இரண்டு பெயரையும் வைத்துக்கொள்வார்கள்.

"ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைத் தேடுங்கள்" என்று காப்பகத்தில் உதவிக்கு இருந்தவர் சொன்னார். கியூபெக்கின் கல்யாணப் பட்டியல்களை மாப்பிள்ளை பெயர் வரிசையில் ஒரு முறையும், பெண் பெயர் வரிசையில் ஒரு முறையுமாக இரண்டு விதமாகத் தொகுத்திருக்கிறார்கள். த்ருவேன் நிறுவனம் என்று வம்சாவளி தேடுகிறவர்கள் எல்லாரும் அறிந்த ஒரு நிறுவனம் உண்டு. 1940களில் மாநிலம் முழுவதும் ஏடுகளைப் படச்சுருளில் எடுத்தது. அந்த நிறுவனத்தின் பெரும் தொகுப்பையே 'ஆண்', 'பெண்' என்று இரண்டு வரிசையாக அச்சிட்டிருக்கிறார்கள்.  அதே கல்யாணங்கள்தாம், மறுபடியும் முதலிலிருந்து, பெண்ணின் பெயரை முன்னே வைத்து! இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெண்ணை அவள் பெயரைக் கொண்டே தேடிப் பிடிக்கலாம் என்பதற்காக அத்தனை காகிதம், அத்தனை உழைப்பு.

மதாம் தேடிய கல்யாணம் அந்தத் தொகுப்பின் காலத்துக்கு முந்தையது. வேறொரு பட்டியலில் தேட வேண்டியிருந்தது. ஒன்பதாமவளின் பெயரை அவள் பிறந்த வீட்டுப் பெயரில் தேடினார். பிற்பகல் மூன்று மணிக்குக் கிடைத்தது. கணவனுக்கு முற்றிலும் வேறு பெயர், 'என்கிற'வைக் காணோம். ஆனால் பெண் அவள்தான். கணவனின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, மனைவியின் பெயர் அசையாமல் நின்றது. அந்த வரியில் அவளைப் பெற்றவள், பத்தாமவள், தன் பெயரோடு இருந்தாள். மதாம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்தாமவளின் கல்யாணப் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டி, "இதைப் பாருங்கள்" என்றார். மூன்றாம் படியிலிருந்து நான்காம் படி வரையிலான இரத்த உறவுக்கு ஆயரிடம் விலக்கு வாங்கியாயிற்று என்று எழுதியிருந்தது. மூன்றாம் படி என்றால் ஒருவருக்குக் கொள்ளுத்தாத்தா. நான்காம் படி என்றால் மற்றவருக்கு அவர் எள்ளுத்தாத்தா. அவ்வளவு தூரத்து உறவுக்கே அனுமதி கேட்டிருக்கிறார்கள். அத்தை மகனைக் கட்டிக்கொண்ட எங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மதாமுக்கு வாய் அடைத்துவிட்டது. பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு அடைத்தது. சகுனே என்ற வடக்குப் பகுதியில் டைரோசினீமியா என்று ஒரு பரம்பரை நோய். அங்கே ஏறக்குறைய இருபது பேரில் ஒருவர் அந்த மரபணுவைத் தாங்கியிருக்கிறார். சில குடும்பங்களிலிருந்தே ஊர் பெருகியது எப்படி, நோய் எந்த வழியாக வந்தது என்று ஆராய இதே கல்யாண ஏடுகளைத்தான் கோத்துப் பார்த்தார்கள். வரலாற்றாசிரியர் ஜெரார் பூஷார் தொடங்கிய அந்தத் தரவுத்தளம் இன்று மருத்துவர்களுக்கும் உதவுகிறது. சாமியார் கல்யாணத்துக்காக எழுதிய வரி முந்நூறு வருஷம் கழித்து மருந்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் என்று யார் நினைத்திருப்பார்!

எல்லா வரியும் இப்படி நிறைந்திருப்பதில்லை. பக்கங்களைப் புரட்டும்போது ஓரிடத்தில் ஒரு பெண்ணுக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருந்தது. அப்பா இல்லை, அம்மா இல்லை, வயது 'சுமார்'. பூர்வகுடிப் பெண், அடிமை. வரலாற்றாசிரியர் மார்செல் த்ருதெல் இதே ஏடுகளையும் வேறு பத்திரங்களையும் வரி வரியாகச் சலித்து, பழைய கியூபெக்கில் ஏறத்தாழ 4,200 அடிமைகள் இருந்ததைக் கண்டுபிடித்தார். மூன்றில் இரண்டு பங்கு பூர்வகுடிகள், மற்றவர் கறுப்பினத்தவர். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் யாராவது இந்த அறையில் வந்து உட்கார்ந்தால் அந்த வரியோடு கதவு மூடிக்கொள்ளும். மதாம் அந்தப் பக்கத்தைச் சட்டென்று தள்ளிவிடவில்லை. அந்தப் பெயரையும் தம் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். "யாருக்காவது வேண்டியிருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். பதினொன்றாமவளின் கல்யாணம் ஒர்லேயான் தீவில். பன்னிரண்டாமவளின் கல்யாணம் கியூபெக் நகரத்தில், 1669 அக்டோபரில். அவளைப் பெற்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பாரிஸின் ஒரு பங்கு. கப்பலில் வந்தவள் அவள்தான். 'அரசரின் மகள்கள்' என்று அவர்களுக்குப் பெயர். 1663 முதல் 1673 வரை பதினொரு பருவங்களில் ஏறக்குறைய 770 பேர் வந்தார்கள். 1666இல் எடுத்த கணக்கில் குடியேற்றத்தின் ஜனத்தொகையே 3,215தான். பெண்கள் மிகக் குறைவு. வழிச்செலவு அரசருடையது. பலர் அனாதைகள், பாரிஸின் சல்பேத்ரியேர் விடுதியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். கோடையில் வந்து இறங்கினால் பனி விழுவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும். எழுதத் தெரியாத பெண் சாமியாரிடம் தன் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் வாயால் சொல்லியிருக்கிறாள். அனாதைப் பெண் அந்த இரண்டு பெயரைக் கடல் தாண்டித் தூக்கி வந்திருக்கிறாள்.

"நேரில் பார்த்துவிட்டு வரலாம்" என்றார் மதாம். தம் காரை எடுத்தார். கியூபெக் நகரம் இரண்டரை மணி நேரம், சுமார் 250 கிலோமீட்டர். செயின்ட் லாரன்ஸ் ஆறு எங்களோடு கூடவே வந்தது. அக்டோபர் பிற்பகுதி. மேப்பிள் மரங்கள் சிவந்து, பாதி உதிர்ந்திருந்தன. நகரத்தைத் தாண்டி மோன்மரான்சி அருவி. 83 மீட்டர் உயரத்திலிருந்து ஆற்றின் ஓரமாகவே விழுகிறது. அதற்கு எதிரே ஒர்லேயான் தீவுக்குப் பாலம். 1935இல்தான் பாலம் வந்ததாம். அதற்கு முன்னால் கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் வண்டி. அந்தப் பாலத்தின் மேல் போகும்போது வானத்தில் ஓர் இரைச்சல். ஆயிரக்கணக்கான வெண்ணிறப் பனி வாத்துகள், வடதுருவப் பக்கத்திலிருந்து தெற்கே போகிற வழியில், காப் தூர்மாந்த் என்ற கரையில் தங்கிப் போகிறவை. மதாம் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டார். இருவரும் பேசவில்லை.

தீவில் சாந்த் ஃபமீய் என்ற ஊர். மூன்று கோபுரங்கள் கொண்ட தேவாலயம், வரிசையாக ஆப்பிள் தோட்டங்கள், சரிந்து ஆற்றில் இறங்கும் நிலம். பதினொன்றாமவள் இங்கேதான் வாழ்ந்தாள். வீடு இல்லை, கல்லறையும் இல்லை. அந்தக் காலத்துச் சிலுவைகள் மரத்தால் ஆனவை. பக்கத்திலேயே 'நம் முன்னோர் இல்லம்' என்று ஒரு சிறு காட்சியகம். அங்கிருந்து பரவிய குடும்பங்களின் பெயர்களை எழுதிவைத்திருக்கிறார்கள். மதாம் புல்லில் முழங்காலிட்டுக் கொஞ்சம் மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். நம் ஊர்ப் பெண் செய்வதைப் போலவே இருந்தது.

மாலையில் கியூபெக் நகரம் திரும்பினோம். மேட்டின் மேல் மோன்மரான்சி பூங்காவில் லூயி எபேர் என்ற மருந்துக்கடைக்காரருக்குச் சிலை. 1617இல் மனைவி மரி ரோலேயோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து, இங்கே முதலில் பயிர் செய்த குடும்பம். கீழே மரி ரோலே பிள்ளைகளை அணைத்தபடி இருக்கிறார். அவர்களுடைய மகள் கியோமெத் எபேருக்கும் கியோம் கூயாருக்கும் 1621 ஆகஸ்ட் 26ஆம் தேதி நடந்த கல்யாணம்தான் கியூபெக் ஏட்டின் முதல் கல்யாணம்.

அந்த முதல் பக்கத்தைப் பற்றி மதாம் சொன்னதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். 1640 ஜூனில் சாம்ப்ளேன் கட்டிய தேவாலயம் எரிந்தது. அதுவரை எழுதிய ஏடுகளும் எரிந்தன. அப்போது இரண்டு பிரதி எழுதும் வழக்கம் வரவில்லை. பத்தொன்பது வருஷத்துப் பிறப்பும் கல்யாணமும் சாவும் ஒரே நாளில் சாம்பல். சாமியார்கள் என்ன செய்தார்கள்? உயிரோடிருந்தவர்களின் நினைவிலிருந்து, யாருக்கு எப்போது கல்யாணம், யார் யாருடைய மகள் என்று திரும்பவும் எழுதினார்கள். கியோமெத் அப்போது அதே ஊரில், முப்பது வயதைத் தாண்டியவளாக, பிள்ளைகளோடு இருந்தாள். இன்று நாம் பார்க்கும் 1621ஆம் ஆண்டு வரி, நினைவிலிருந்து எழுதிய வரி. லட்சக்கணக்கான கியூபெக்காரர்கள் ஏறிப் போகிற அந்த ஏணியின் கடைசிப் படிகள், எரிந்த பிறகு மனிதர்களின் நினைவைக் கொண்டு அடித்தவை.

அன்று இரவு விடுதி அறையிலிருந்து ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. அம்மாவின் தங்கை, சித்திக்கு எண்பத்தாறு வயது. காது மந்தம், நினைவு தெளிவு.

"சித்தி, ஆச்சியோட அம்மா பேரு என்ன?"

"எதுக்குடி இப்ப அது? பிள்ளைக்குப் பேரு வைக்கவா?"

"எழுதி வைக்க."

சித்தி சொன்னார். அந்தப் பெயருக்கு அம்மாவையும் சொன்னார். அவள் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தாள், எந்த வருஷத்துப் பஞ்சத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்றும் சொன்னார். இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். விடுதியின் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். மகளையும் பேத்தியையும் சேர்த்தால் இப்போது ஏழு பெண்கள். அந்தக் காகிதத்துக்கு இரண்டு பிரதி எடுத்து ஒன்றை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை ஊருக்குக் கொண்டுவந்தேன்.

கியூபெக்கில் 1981 முதல் சட்டமே இருக்கிறது: கல்யாணமானாலும் பெண் தன் பிறந்த பெயரில்தான் இருக்கவேண்டும். நமக்கு அப்படி ஏடும் இல்லை, சட்டமும் இல்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒரு சித்தியோ அத்தையோ ஆச்சியோ உங்கள் வீட்டில் இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய அம்மா பெயரையும், அந்த அம்மாவின் அம்மா பெயரையும், பிறந்த ஊரையும் கேட்டு எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதுங்கள்.